ஜனவரியில் வெட்டினால் ஹைட்ராஞ்சியா பூக்காது

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வாசல் ஓரத்தில் பாட்டி வைத்த ஹைட்ராஞ்சியா ஒன்று உண்டு. நல்ல நீலமாகப் பூக்கும். 2 வருடம் முன்பு அதையொட்டிக் காம்பவுண்டு சுவர் கட்டினோம். அதற்குப் பிறகு நீலம் மங்கிக்கொண்டே வந்து, இந்த வருடம் முழுக்க ரோஸ் நிறமாகிவிட்டது. நர்சரியில் வாங்கி வைத்த வேறு 4 செடிகள் 3 வருடமாகப் புதர் மாதிரி வளர்கின்றன. பூ மட்டும் ஒன்றிரண்டுதான். டிசம்பரில் இலை கொட்டியதும், பொங்கல் முடிந்த கையோடு அவற்றை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவோம், தேயிலைக்குப் போடும் உரத்தையே செடிக்கொரு கைப்பிடி போடுவோம். பாட்டி, தன் செடியில் மட்டும் யாரையும் கத்தி வைக்க விடமாட்டார். போன மழைக்கு அந்தச் செடியிலிருந்து முழ நீளத்தில் 20 குச்சி வெட்டி, சாணி கலந்த மண்ணில் நட்டேன். 3 வாரத்தில் எல்லாம் கறுத்துவிட்டன. கோயம்புத்தூரில் இருக்கும் தங்கையும் ஒரு செடி கேட்கிறாள். என்ன செய்யலாம், ஐயா?

பதில்: பாதி விடையை உங்கள் பாட்டியே சொல்லிவிட்டார். கத்தி படாத செடி பூக்கிறது, வெட்டிய 4 செடிகள் பூக்கவில்லை. உரம், மண், ரகம் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நம் மலைகளில் பரவலாக இருக்கும் பெரிய இலை ஹைட்ராஞ்சியா, இந்த ஆண்டுப் பூவைப் போன ஆண்டுத் தண்டின் நுனியிலேயே தயார் செய்து வைத்துக்கொள்ளும் செடி. பூத்து ஓய்ந்த பிறகு, பகல் சுருங்கி இரவுக் குளிர் இறங்கும்போது வளர்ச்சி நிற்கும். அப்போது தண்டு முற்றும், நுனியில் பூமொட்டு உருவாகும். இதற்கு வெப்பநிலை ஏறக்குறைய 18 டிகிரிக்குக் கீழே 6 முதல் 8 வாரம் இருக்க வேண்டும். நீலகிரியில் இரவுக் குளிர் ஆண்டு முழுதும் இருப்பதால் பருவம் தப்பிய பூ இங்கொன்றும் அங்கொன்றுமாக வரத்தான் செய்யும். ஆனால் பெரும்பாலான மொட்டு செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள் உருவாகிவிடுகிறது. டிசம்பரில் இலை கொட்டி வெறும் குச்சியாக நிற்கும் செடி உங்கள் கண்ணுக்குச் செத்த செடி. உண்மையில் அது பூவைச் சுமந்துகொண்டு நிற்கிறது. பொங்கல் முடிந்து வெட்டும்போது வரப்போகும் பூ அத்தனையையும் வெட்டிக் குப்பையில் போடுகிறீர்கள். அடியிலிருந்து புதுத் தளிர் கொத்துக் கொத்தாக வரும், புதர் அழகாகத் தெரியும், பூ வராது. தப்பித் தவறிக் கத்திக்கு எட்டாமல் போன குச்சியில் வந்ததுதான் அந்த ஒன்றிரண்டு பூ.

சந்தேகம் இருந்தால் டிசம்பர் கடைசியில் ஒரே ஒரு குச்சியைப் பலி கொடுத்துப் பாருங்கள். நுனி மொட்டு பருத்து, சுண்டு விரல் நகம் அளவுக்கு இருக்கும். அதற்குக் கீழே இலை இருந்த இடங்களில் உள்ள பக்க மொட்டுகள் மெலிந்து கூராக இருக்கும். பருத்த மொட்டைப் புது பிளேடால் நெடுக்கில் பிளந்தால், இலைச் சுருளுக்கு நடுவே பச்சையாகப் பொடிப் பொடியாக, காலிஃபிளவரைக் குறுக்கி வைத்தது போல ஒரு மேடு தெரியும். கைலென்ஸ் இருந்தால் சந்தேகமே வராது. மே மாதப் பூங்கொத்து அதுதான்.

எல்லாச் செடியையும் ஒரே நேரத்தில் ஒட்ட வெட்டிவிடுவது மலையில் ஊறிப்போன பழக்கம். யூடியூப் வேறு சேர்ந்துகொள்கிறது. குளிர்காலக் கடைசியில் ஹைட்ராஞ்சியாவை ஒட்ட வெட்டச் சொல்லும் வீடியோக்கள் பொய் இல்லை. அவை கூம்பு வடிவில் பூக்கும் பேனிகுலேட்டா, வெள்ளைப் பந்தாகப் பூக்கும் அன்னாபெல் போன்றவற்றுக்கானவை. அவை அந்த வருடத்துப் புதுத் தளிரில் பூக்கும் இனங்கள். உங்களிடம் இருப்பது அகன்ற, தடித்த, பளபளப்பான இலை உள்ள வகை என்றால் அந்த யோசனை ஒத்துவராது. எண்ட்லெஸ் சம்மர் போன்ற சில புது ரகங்கள் பழைய தண்டு, புதுத் தளிர் இரண்டிலும் பூக்கும். அவற்றைத் தப்பான நேரத்தில் வெட்டினாலும் பிந்தியாவது கொஞ்சம் பூ கிடைக்கும்.

அப்படியானால் எப்போது வெட்டுவது? பூ வாடியதும், அதாவது ஆகஸ்ட் வாக்கில். செப்டம்பர் நடுவுக்குள் முடித்துவிட வேண்டும். வாடிய கொத்தைப் பிடித்துக்கொண்டு தண்டில் கீழே இறங்கி வாருங்கள். நன்றாகத் திரண்ட முதல் ஜோடி மொட்டு எங்கே தெரிகிறதோ அதற்கு அரை சென்டிமீட்டர் மேலே வெட்டுங்கள். பெரும்பாலும் 2 அல்லது 3 கணுவுக்குள் அது வந்துவிடும். அவ்வளவுதான் வருடாந்திர வெட்டு. பூக்காத தண்டில் கை வைக்க வேண்டாம். அடுத்த வருடம் பூக்கப்போவதே அதுதான். புதருக்கு 4, 5 வயது ஆன பிறகு, அதே ஆகஸ்டில், பட்டை உரிந்து சாம்பல் நிறமாகிவிட்ட கிழட்டுத் தண்டுகளில் நாலில் ஒரு பங்கை மட்டும் தரை மட்டத்தில் எடுத்துவிடலாம். இப்படி 4 வருடத்தில் புதர் முழுக்கப் புதுத் தண்டாக மாறிவிடும், எந்த வருடமும் பூவை இழக்க வேண்டியதில்லை. பாட்டியின் செடிக்கும் இந்த அளவு கத்தி தேவைதான், அவர் சம்மதித்தால்.

இந்த ஜனவரியில் 4 செடிகளையும் தொடவே வேண்டாம். பிப்ரவரி கடைசியில் மொட்டு விரியும்போது எந்தக் குச்சியில் உயிர் இல்லை என்று தெரிந்துவிடும். நகத்தால் லேசாகச் சுரண்டினால் பச்சை தெரியாமல் பழுப்பாக இருக்கும் பகுதியை மட்டும் வெட்டிவிடுங்கள்.

வெட்டை நிறுத்திய பிறகும் ஒரு செடி பூக்கவில்லை என்றால் உரத்தைச் சந்தேகப்படுங்கள். தேயிலையில் நமக்கு வேண்டியது இலை. அதற்குப் போடும் உரத்தில் தழைச்சத்து தூக்கலாக இருக்கும். அதை ஹைட்ராஞ்சியாவுக்குப் போட்டால் அதுவும் இலையைத்தான் தரும், அதிலும் ஆகஸ்டுக்குப் பிறகு போட்டால் தண்டு முற்றாமல் வளர்ந்துகொண்டே போய், மொட்டு வைக்கும் பருவத்தைக் கோட்டை விட்டுவிடும். வளர்ந்த புதருக்கு ஆண்டுக்கு ஒருமுறை நன்கு மட்கிய சாணி எரு 5 கிலோ போதும். அதோடு பிப்ரவரி கடைசியில் ஒரு முறை, ஜூனில் ஒரு முறை, அம்மோனியம் சல்பேட் 30 கிராம், சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 20 கிராம் தூரிலிருந்து ஒரு அடி தள்ளி வட்டமாகத் தூவி, மண்ணைக் கிளறாமல் நீர் விடுங்கள். வேர் மேலாகவே ஓடும் செடி இது. களைக்கொத்தியால் கொத்தினால் வேர் அறுந்துவிடும். அதற்குப் பதில் காய்ந்த இலை, தேயிலைக் கவாத்துக் கழிவு என்று எது கிடைத்தாலும் 2, 3 அங்குலத்துக்கு மூடாக்குப் போடுங்கள். தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள்.

நிழலும் பூவைக் குறைக்கும். நிழல் விரும்பும் செடி என்று சொல்லிச் சில்வர் ஓக் அடியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். அதற்குக் காலை வெயில் 4 மணி நேரமாவது வேண்டும். பிற்பகல் வெயில்தான் ஆகாது. பகல் 12 மணிக்கு இலை தொங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு உடனே குடம் குடமாக ஊற்றுவதும் வேண்டாம். அகன்ற இலை நீரை வேகமாக இழக்கும். வேர் அதே வேகத்தில் ஈடுகட்ட முடியாமல் கொஞ்ச நேரம் தொங்கும், சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும். காலையிலும் தொங்கினால்தான் தாகம். விரலை 2 அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லை என்றால் வளர்ந்த புதருக்கு 10 முதல் 15 லிட்டர். மழை இல்லாத ஏப்ரல், மேயில் வாரம் இருமுறை போதுமானது.

உறைபனி, கோத்தகிரிச் சரிவுகளில் உங்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. ஊட்டியில் பள்ளமான இடத்தில் இருப்பவர்களுக்கு அதுதான் பூவைக் கெடுப்பது. நுனி மொட்டு கருகினால் அந்த வருடம் அவ்வளவுதான். அவர்கள் வாடிய பூங்கொத்தையே வெட்டாமல் குளிர்காலம் முழுக்க விட்டுவைக்கலாம், கீழே உள்ள மொட்டுக்கு அது கூரை. தேயிலை நாற்றை மூடுவது போலக் கோத்தகிரி மலார் செடியை வெட்டிச் சார்த்தி வைப்பதும் நன்றாகவே காக்கிறது.

குச்சிக்கு வருவோம். உங்கள் 20 குச்சியும் ஏன் போயின என்பதற்குக் கடிதத்தில் 3 தடயம் இருக்கிறது. முழ நீளம், சாணி மண், எல்லாம் கறுத்தது. முற்றிய நீளக் குச்சியின் நடுவில் தக்கை அதிகம், நீர் உறிஞ்சி அழுகுவதற்கு அதுவே இடம். வேர் இல்லாத வெட்டுவாயைச் சாணியில் புதைப்பது அழுகலுக்கு விருந்து வைப்பது. ஒரு குச்சியைப் பிடுங்கிப் பார்த்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும். கறுப்பு அடியிலிருந்து ஏறினால் அது அழுகல், ஈரம் அதிகம் அல்லது மண் சுத்தமில்லை. நுனியிலிருந்து இறங்கினால் குச்சி உலர்ந்துபோயிருக்கிறது, காற்றில் ஈரப்பதம் போதவில்லை. இலை மட்டும் கொட்டித் தண்டு பச்சையாக நின்றால் அது சாகவில்லை, அப்படியே விட்டுவையுங்கள். பக்க மொட்டு துளிர்க்க வாய்ப்பு உண்டு.

சரியான காலம் ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து ஜூலை கடைசி வரை. உங்கள் பக்கம் பெருமழை ஐப்பசியில்தான் என்றாலும் ஆடிச் சாரலும் மேகமூட்டமும் இளங்குச்சிக்குப் போதும். எடுக்க வேண்டியது அந்த வருடத்துப் பச்சைத் தளிர், பூக்காத தளிர். பூவோ பூமொட்டோ உள்ள தண்டில் சத்தெல்லாம் அந்தப் பக்கம் போய்விடும், வேர் பிடிப்பது சிரமம். பதம் பார்க்க வளைத்துப் பாருங்கள். துவண்டு வளைந்தால் இளசு. ஒடியாமல் நாராக இழுத்தால் முற்றல். பச்சை பீன்ஸ் போல் சடக்கென்று ஒடிந்தால் அதுதான் பதம். காலை 8 மணிக்கு முன்னால் வெட்டி, ஈரத் துணியில் சுற்றி நிழலில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் நட்டுவிட வேண்டும்.

ஒரு குச்சிக்கு 2 கணு, 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம். அடி வெட்டு, கீழ்க் கணுவுக்கு ஒட்டிக் கீழே விழ வேண்டும். வேர் கணுவைச் சுற்றித்தான் எளிதில் கிளம்பும்; கணுவுக்கு வெகு கீழே தொங்கும் வெற்றுத் தண்டு அழுகவே உதவும். கீழ் ஜோடி இலையை முழுக்க எடுத்துவிடுங்கள். மேல் ஜோடியைக் குறுக்கே பாதியாக வெட்டுங்கள், இரக்கம் வேண்டாம். முழு இலையை விட்டால் வேர் இல்லாத குச்சியிலிருந்து நீரை இழுத்துக் குடித்தே கொன்றுவிடும். நுனித் துளிர் மிக இளசாக இருந்தால் கிள்ளிவிடுங்கள். பிளேடு புதிதாக இருக்கட்டும். ஒரு செடியை முடித்து அடுத்த செடிக்குப் போகும் முன் ஸ்பிரிட்டில் துடையுங்கள்.

கார்பெண்டாசிம் என்ற பூஞ்சணக்கொல்லியை லிட்டருக்கு 1 கிராம் கரைத்து, குச்சிகளின் அடிப்பாகத்தை 10 நிமிடம் முக்கி எடுத்து, சொட்டு வடியவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஐ.பி.ஏ. என்ற வேரைத் தூண்டும் ஹார்மோன் 1000 பி.பி.எம். வலிமையில் உள்ள வேர்ப்பொடியில் அடி ஒரு சென்டிமீட்டரைத் தொட்டு, தட்டி உதிர்த்துவிட்டு நடலாம். டப்பாவுக்குள்ளேயே குச்சியை விடாதீர்கள், ஒரு காகிதத்தில் கொஞ்சம் கொட்டிக்கொள்ளுங்கள். ஈரம் பட்ட மிச்சத்தைத் திரும்ப டப்பாவில் போட்டால் முழுப் பொடியும் வீணாகும். ஹைட்ராஞ்சியா பொடி இல்லாமலும் வேர்விடும் செடிதான். பொடியால் வேர் சீராக, கொஞ்சம் முன்னதாக வரும், அவ்வளவே. பொடி கிடைக்கவில்லை என்று ஒரு பருவத்தைத் தள்ளிப் போட வேண்டாம்.

நடும் கலவை: கழுவிய ஆற்று மணல் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. மணல் கிடைக்காவிட்டால் பெர்லைட். எம்-சாண்டில் கல்தூள் அதிகம். நன்றாக அலசாமல் போட்டால் இடைவெளியை அடைத்துச் சேறாக்கிவிடும். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து 3 முறை நீர் மாற்றிப் பிழிந்தால்தான் உப்பு போகும். கலவையை ஒரு கை அள்ளி இறுக்கினால் ஒன்றிரண்டு சொட்டு நீர் வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். எருவும் வேண்டாம், உரமும் வேண்டாம். 4 அங்குல ஆழமுள்ள, அடியில் ஓட்டை உள்ள எந்தத் தட்டும் சரி. பென்சிலால் குழி போட்டு, கீழ்க் கணு உள்ளே மறையும்படி 3 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து, இரண்டு விரலால் அழுத்துங்கள். நேராகக் குத்திச் செருகினால் பொடி வழியிலேயே வழித்துக்கொண்டு போய்விடும். இலைகள் ஒன்றன் மேல் ஒன்று படாத இடைவெளி விடுங்கள். இரண்டு ஈர இலை ஒட்டும் இடத்தில்தான் சாம்பல் பூஞ்சணம் தொடங்கும்.

மேலே மூங்கில் சிம்பு வளைத்து, வெள்ளை பாலித்தீன் தாள் மூடி, 50 சதவீத நிழல் வலைக்கு அடியில் வையுங்கள். நேர் வெயில் பட்டால் உள்ளே இட்லிப் பானைதான். தினம் காலையில் 10 நிமிடம் தாளைத் திறந்து காற்று விடுங்கள், உதிர்ந்த இலையைப் பொறுக்கி எறியுங்கள். கலவையின் மேல்பகுதி காய்ந்தால் ஒழிய நீர் ஊற்ற வேண்டாம். இலை மேல் லேசாகத் தெளித்தால் போதும். உங்கள் உயரத்தில் 3, 4 வாரத்தில் வேர் வரும், ஊட்டிக் குளிரில் 5, 6 வாரமாகும். துளிர் வந்துவிட்டது என்று அவசரப்படக் கூடாது. குச்சியில் இருக்கும் சேமிப்பைக் கொண்டே வேரில்லாமல் துளிர் விடும். லேசாக இழுத்துப் பாருங்கள், எதிர்த்து நின்றால் வேர் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு 7 முதல் 10 நாளில் தாளைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அதிக நேரம் திறந்து பழக்குங்கள். ஒரே நாளில் தாளை உருவிவிட்டால் வேர்விட்ட குச்சியும் வாடிச் சாகும். இந்தக் கட்டத்தில்தான் பலர் மொத்தத்தையும் இழக்கிறார்கள்.

பிறகு 4 அங்குலப் பாலித்தீன் பை. செம்மண் 2 பங்கு, இலைமட்கு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. காய்கறி போட்ட நிலத்து மண்ணை எடுக்காதீர்கள். வேர்முடிச்சு நூற்புழு கூடவே வந்துவிடும், ஹைட்ராஞ்சியா அதற்கு இளக்காரமான செடி. 3 ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் 2 கிளையாகும். ஆனால் செப்டம்பருக்குப் பிறகு கிள்ளக் கூடாது, காரணம் மேலே சொன்னதேதான். அடுத்த ஜூனில் ஒன்றரை அடி குழியில், பையில் இருந்த அதே ஆழத்துக்கு, செடிக்குச் செடி 4 முதல் 5 அடி விட்டு நடலாம். பூவை இரண்டாம் வருடம் எதிர்பாருங்கள்.

ஒரு வேடிக்கை: வெட்டி வெட்டிப் பூக்காமல் போன உங்கள் 4 செடிகளில் இருப்பதெல்லாம் பூக்காத தளிர்தான், குச்சி எடுக்க அதைவிட நல்ல செடி கிடையாது. கை பழக முதல் தட்டை அவற்றிலிருந்து போடுங்கள், பாட்டியின் செடியைப் பரீட்சைக்கு வைக்க வேண்டாம்.

பாட்டியின் செடிக்குப் பதியன்தான் என் யோசனை. இருப்பது ஒரே செடி, ரகம் திரும்பக் கிடைக்காது என்னும்போது, வேர் வரும்வரை தாய் உணவூட்டிக்கொண்டிருக்கும் முறையே நிம்மதி. ஜூன் மாதம் தரையை ஒட்டிச் சாய்ந்த ஒரு தண்டைத் தேர்ந்தெடுங்கள். நுனியிலிருந்து ஒரு அடி தள்ளி, ஒரு கணுவின் அடிப்பக்கப் பட்டையை ஒரு அங்குல நீளத்துக்குச் சீவி, வேர்ப்பொடி தடவுங்கள். 4 அங்குலப் பள்ளத்தில் அந்த இடத்தைப் பதித்து, இலைமட்கு கலந்த மண்ணால் மூடி, மேலே ஒரு தட்டைக் கல் வையுங்கள். நுனி வெளியே நிமிர்ந்து நிற்கட்டும், வேண்டுமானால் சிறு குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள். கல் ஈரத்தையும் காக்கும், தண்டு எழும்பாமலும் பிடிக்கும். 3 மாதம் கழித்து, மழை இருக்கும்போதே, தாய்ப் பக்கத்தை வெட்டுங்கள். உடனே பிடுங்காமல் இன்னும் 3 வாரம் அங்கேயே சொந்த வேரில் நிற்க விட்டுப் பிறகு பெயர்த்து நடுங்கள். விதை எடுக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பந்து போலப் பூக்கும் ரகத்தில் பெரும்பாலும் மலட்டுப் பூ. இருக்கும் ஒன்றிரண்டு விதையும் தாயின் குணத்தோடு வரும் என்பதற்கு உறுதி இல்லை.

இனி நிறம். குற்றவாளி உங்கள் காம்பவுண்டு சுவர். நீல ஹைட்ராஞ்சியாவிலும் ரோஸ் ஹைட்ராஞ்சியாவிலும் இருப்பது ஒரே நிறமி. அதோடு அலுமினியம் சேர்ந்தால் நீலம், சேராவிட்டால் ரோஸ். நம் மண்ணில் அலுமினியத்துக்குப் பஞ்சமே இல்லை. நீலகிரிச் செம்மண் இயல்பாகவே புளித்த மண் என்பதால் அது கரைந்து வேருக்குக் கிடைக்கும். மண்ணின் கார அமில நிலை (pH) 5.5-க்குக் கீழே இருக்கும்வரை நீலம். 6-ஐத் தாண்டினால் அலுமினியம் மண்ணிலேயே கட்டிப்போய்விடும், பூ ரோஸாகும். இடைப்பட்ட நிலையில் கத்தரிப்பூ நிறம். நீங்கள் பார்த்த மங்கல் அந்த இடைநிலைதான். சுவர் கட்டும்போது சிந்திய சிமெண்டுக் கலவை, பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் அடிக்கும் சுண்ணாம்பு எல்லாம் மழையில் கரைந்து தூருக்கு இறங்குகின்றன. இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று இடைப்பகுதி மஞ்சளாகத் தெரிந்தால் இரும்பும் கிடைக்காத அளவுக்குச் சுண்ணாம்பு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

முதல் வேலை, தூரைச் சுற்றி 2 அடிக்கு மேல்மண்ணைக் கையால் கிளறி, கண்ணில் படும் சிமெண்டுக் கட்டி, செங்கல் துண்டு அத்தனையையும் பொறுக்குவது. அது இருக்கும்வரை எந்த மருந்தும் நிற்காது. பிறகு கந்தகத் தூள் சதுர மீட்டருக்கு 100 கிராம் தூவி மூடாக்குப் போடுங்கள். மண்ணில் உள்ள நுண்ணுயிர் அதை அமிலமாக்க 3 மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால் அக்டோபர் மழைக்குள் போட்டுவிடுவது நல்லது. பிப்ரவரியில் இலை விரியத் தொடங்கியதும் அலுமினியம் சல்பேட் 15 கிராமை 5 லிட்டர் நீரில் கரைத்து ஊற்றுங்கள், 15 நாளுக்கு ஒரு முறை, மொட்டு வெளியே தெரியும்வரை 4 அல்லது 5 தடவை. அது கிடைக்காவிட்டால் நாட்டு மருந்துக் கடைப் படிகாரத்தைப் பொடித்து 20 கிராம் போடலாம். அதிலும் அலுமினியம்தான் இருக்கிறது, அளவு சற்றுக் குறைவு என்பதால் கூடுதல் எடை. ஊற்றுவதற்கு முன் வெறும் நீர் விட்டு மண்ணை நனைத்துக்கொள்ளுங்கள், இலையில் படாமல் ஊற்றுங்கள். சீக்கிரம் நீலமாகட்டும் என்று இரட்டிப்பு அளவு போட்டால் வேர் கருகி, இலை ஓரம் பழுப்பாகும். 2 வயதுக்குக் குறைந்த செடிக்கு இது வேண்டவே வேண்டாம்.

மணிச்சத்தை (பாஸ்பரஸை) தள்ளி வையுங்கள். சூப்பர் பாஸ்பேட், எலும்புத் தூள் இரண்டும் அலுமினியத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. அதனால்தான் மேலே சொன்ன உரத்தில் மணிச்சத்தைச் சேர்க்கவில்லை. தேயிலைக்கு டோலமைட் என்ற சுண்ணாம்புக் கல்தூள் போடும் நாளில் ஒரு பிடி இந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த ஆணியைப் புதைத்தால் நீலமாகும் என்பது ஊர் ஊராகச் சொல்லப்படுவது. இரும்புக்கும் இந்த நீலத்துக்கும் சம்பந்தம் இல்லை. விரிந்துவிட்ட பூவின் நிறமும் இனி மாறாது, செய்வதெல்லாம் அடுத்த பூவுக்குத்தான். சுவர் அங்கேயே நிற்கும் என்பதால் இந்த வைத்தியத்தை ஆண்டுதோறும் செய்தாக வேண்டும். பழைய புதரைப் பெயர்ப்பது ஆபத்து. பதியன் செடியைச் சுவரிலிருந்து 6 அடியாவது தள்ளி வைத்தால் படிகாரம் இல்லாமலே நீலமாகப் பூக்கும்.

கோயம்புத்தூருக்குச் செடி கொடுக்காதீர்கள். மொட்டு வைக்கத் தேவையான நீண்ட குளிர் அங்கே இல்லை, கோடை வெயிலில் இலை தீய்ந்துவிடும், போர்வெல் நீரின் உப்பும் காரமும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கிழக்குப் பார்த்த வராண்டாவில் உயிரோடு வேண்டுமானால் வைத்திருக்கலாம், பூ வராது. தங்கைக்கு முசண்டா நன்றாக வரும். ஹைட்ராஞ்சியாவில் நாம் பூவிதழ் என்று பார்ப்பது உண்மையில் புல்லிதழ். முசண்டாவிலும் அப்படித்தான், அதனால் இரண்டிலும் நிறம் வாரக்கணக்கில் நிற்கும். பூ வேண்டுமென்றால் மே மாதம் உங்கள் வீட்டிலிருந்து கொத்தாக வெட்டிக் கொடுத்து அனுப்புங்கள். வெட்டியதும் காம்பைக் கழுத்துவரை ஒரு மணி நேரம் நீரில் வைத்துவிட்டு அனுப்பினால் மேட்டுப்பாளையம் தாண்டும்வரை வாடாது.

வெட்டிய இலை, குச்சி எதையும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போட வேண்டாம். இலையிலும் மொட்டிலும் சயனைடைக் கொடுக்கும் சேர்மம் இருக்கிறது. வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் என்று கொண்டுபோய்விடும். சிலருக்குச் செடியைக் கையாண்டால் தோலும் அரிக்கும். கழிவைக் குழியில் போட்டு மூடிவிடுங்கள். சாம்பல் நோய் படிந்த இலையாக இருந்தால் எரித்துவிடுங்கள். அந்த நோய் செடியில் தொடங்கியிருந்தால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், வெயில் ஏறும் முன் காலையில் தெளியுங்கள்.